நிறையற்ற கப்பி தேடிப் போன கதை

"மாமா, நிறையற்ற கப்பி எந்தக் கடையில் கிடைக்கும்?"

கேட்டது அக்கா மகள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். இயற்பியல் புத்தகத்தில் கணக்குக்குக் கணக்கு "நிறையற்ற, உராய்வற்ற கப்பி" வருவதைப் பார்த்துச் சலித்துப்போய் என்னைச் சீண்டினாள். நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறவன். அன்றாடம் பேரிங்கோடுதான் பிழைப்பு. உராய்வே இல்லாத பேரிங்கை இதுவரை யாரும் என்னிடம் கொண்டுவந்ததில்லை. அப்படி ஒன்று இருந்தால் என் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆனால் கேள்வி மனத்தில் தங்கிவிட்டது. இரண்டு பக்கமும் எடை தொங்கும் ஒரு கப்பியை வீட்டிலேயே கட்டினால், புத்தகம் சொல்லும் முடுக்கம், அதாவது விநாடிக்கு விநாடி வேகம் கூடும் அளவு, எந்த அளவுக்கு வரும்? கிட்டத்தட்ட வருமா, பாதியாவது வருமா? மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் அக்காவின் பொறுமையும் இதில் செலவாயின.

இந்தக் கருவிக்கு அட்வுட் எந்திரம் என்று பெயர். நியூட்டன் தம் மூன்று விதிகளை 1687-இல் அச்சேற்றினார். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, கேம்பிரிட்ஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஜார்ஜ் அட்வுட் 1784-இல் தம் நூலில் இந்தக் கருவியை விவரித்தார். பொருள் தானாக விழுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் தரையைத் தொட்டுவிடும், அந்தக் காலத்துக் கடிகாரத்தை வைத்து அளக்க முடியாது. அதனால் இரு பக்கமும் ஏறக்குறைய சமமான எடையைத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கூட்டினார். மொத்த நிறையையும் அந்தச் சிறு வித்தியாசம்தான் இழுத்தாக வேண்டும். விழுதல் நிதானமாகிவிடும். (அட்வுட் சதுரங்கப் பிரியர். பிலிதோர் என்ற பெரிய ஆட்டக்காரர் ஆடிய ஆட்டங்களைக் குறித்துவைத்துக் காப்பாற்றியவர்களில் இவரும் ஒருவர். பொறுமைசாலியாகத்தான் இருந்திருப்பார்.)

முதலில் இரும்புச் சாமான் கடையில் கொடி கட்டும் சின்னக் கப்பி ஒன்று வாங்கினேன். சகிக்கவில்லை. ஒரு பக்கம் பத்து கிராம் கூடுதலாக வைத்தும் அசையாமல் நின்றது. தட்டிவிட்டால் கிறீச்சென்று இரண்டு அங்குலம் நகர்ந்து மறுபடி நின்றது. துணி காயப்போட அதுவே போதும், நியூட்டனுக்குப் போதாது.

பரணில் அக்கா மகளின் பழைய ஸ்கேட்டிங் காலணி கிடந்தது. அதன் சக்கரங்களுக்குள் இருப்பது 608 பேரிங்: உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22, அகலம் 7. எட்டுச் சக்கரம், சக்கரத்துக்கு இரண்டு, ஆக மொத்தம் பதினாறு பேரிங். புதையல்தான்.

சக்கரத்துக்குச் சிடி. இப்போது அதற்கு வேறு வேலை இல்லை. சிடியின் நடுத்துளை 15 மி.மீ. பேரிங்கின் வெளிவளையம் 22 என்பதால் உள்ளே நுழையாது. துளையைப் பெரிதாக்கலாம் என்று துளையிடும் எந்திரத்தைக் கையில் எடுத்தேன், முதல் சிடி நட்சத்திரமாக உடைந்தது. பிறகுதான் மூளை வேலை செய்தது. பேரிங்கை நுழைக்கவே வேண்டாம், இரண்டு சிடிகளுக்கு நடுவில் வைத்து ஒட்டினால் போதும். சிடியின் துளை பேரிங்கின் உள்வளையத்தைத் தொடாமல் வெளிவளையத்தை மட்டும் இரு பக்கமும் அணைத்துக்கொள்கிறது. நடுவில் 7 மி.மீ. தடிமனுள்ள ஃபோம் ஷீட்டில் 10 செ.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டி, மையத்தில் 22 மி.மீ. துளை போட்டு, அதில் பேரிங்கை அமர்த்தினேன். சிடியின் விட்டம் 12 செ.மீ. என்பதால் சுற்றிலும் ஒரு செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம் கிடைத்தது. நூல் அதில் ஓடும்.

முதல் சக்கரம் வீணானது என் அவசரத்தால். எபாக்சி பசையைத் தாராளமாகத் தடவினேன், அது காலைக்குள் பேரிங்கின் உள்ளே இறங்கி இறுகிவிட்டது. இரண்டாவது சக்கரத்துக்கு ஊசிமுனையால் பசையைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். அதற்கு முன்பே பேரிங்கின் மூடியை ஊசியால் நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் இரண்டு முறை அலசி, கிரீஸை முழுக்க எடுத்துவிட்டேன். கடையில் நான் இப்படிச் செய்தால் வாடிக்கையாளர் என்னைச் சும்மா விடமாட்டார். கிரீஸ் இல்லாத பேரிங் வேகமான ஓட்டத்தில் சீக்கிரமே தேய்ந்துவிடும். இங்கே ஓட்டமும் மெது, சுமையும் கால் கிலோ. சுண்டிவிட்டால் முன்பு மூன்று நான்கு விநாடியில் நின்ற சக்கரம் இப்போது அரை நிமிடத்துக்கு மேல் சுற்றியது. ஆனால் எப்போதும் ஒரே இடம் கீழே வந்து நின்றது, அந்தப் பக்கம் கனம் என்று பொருள். எதிர்ப்பக்கம் செலோடேப் துண்டுகளை ஒட்டி ஒட்டிச் சமன் செய்தேன். பிறகு நினைத்த இடத்தில் நின்றது.

8 மி.மீ. போல்ட்டை அச்சாக்கி, பித்தளைச் சிறு வளையம் கொடுத்து, லாடம் போல் வளைத்த தகட்டில் மாட்டி, பரண் விளிம்பில் ஒரு கட்டையை நீட்டித் தொங்கவிட்டேன். எடைக்கு இரண்டு வைட்டமின் மாத்திரை டப்பாக்கள், உள்ளே ஐந்து ரூபாய் நாணயங்கள். தரையில் தலையணை.

நூலைப் பற்றி ஒரு வார்த்தை. பூக்கட்டும் நூலைப் போட்டால் முறுக்கு அவிழ்ந்து டப்பா பம்பரமாகச் சுற்றுகிறது. தூண்டில் நரம்பு சிடிப் பள்ளத்தில் வழுக்குகிறது, நூல் மட்டும் ஓடிச் சக்கரம் சும்மா நிற்கிறது. பின்னல் போட்ட மெல்லிய பருத்திக் கயிறுதான் கடைசியில் சரிப்பட்டது.

நாணயக் கணக்கு எளிது. ஒவ்வொரு டப்பாவிலும் இருபது. ஒரு நாணயத்தை இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவுக்கு மாற்றினால் மொத்த நிறை அப்படியே இருக்கும், வித்தியாசம் மட்டும் இரண்டு நாணய எடை கூடும். இழுக்கும் விசையை மட்டும் படிப்படியாகக் கூட்ட இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் முதல் ஞாயிறு முழுக்க அளவுகள் தாறுமாறாக வந்தன. ஒரு நாணயம் மாற்றினால் ஒரு நேரம், அதையே திரும்பச் செய்தால் வேறு நேரம். அக்கா மகள் கைக்கடிகாரத்தைப் பிடித்து நேரம் பார்த்ததால் வந்த பிழை என்று நினைத்தேன். அதுவும் ஒரு பங்குதான், அவள் விரல் ஒவ்வொரு முறையும் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதிக்கிறது. கைபேசியில் விநாடிக்கு 120 படம் எடுக்கும் மெதுவோட்ட வீடியோவுக்கு மாறினோம். நேரம் துல்லியமானது, குழப்பம் போகவில்லை.

கடைத்தெருவில் நகை ஆசாரி ஒருவர் இருக்கிறார். அவருடைய தராசு நூறில் ஒரு கிராம் வரை காட்டும். நாணயப் பையோடு போய் நின்றேன். "ஐந்து ரூபாய்க்கு எல்லாம் எடை போட வந்துவிட்டீர்களா?" என்று சிரித்துக்கொண்டே தராசைத் திருப்பினார். முதல் நாணயம் 6.0. இரண்டாவது 6.0. மூன்றாவது, அந்தப் பழைய வெள்ளை நிறத் தடி நாணயம், 9.0. நான்காவது, 2019-க்குப் பிறகு வந்த வரிசை, 6.74. மூன்று வகையையும் ஐந்து ரூபாய்தானே என்று ஒன்றாகக் கலந்துவைத்திருந்தேன். தடி நாணயத்தை மாற்றிய ஓட்டத்தில் வித்தியாசம் 18 கிராம், மெல்லியதை மாற்றியதில் 12. நியூட்டன்மேல் சந்தேகப்படுவதற்கு முன் உண்டியலைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

2011 வரிசையின் மஞ்சள் நாணயங்களாக நாற்பது தேடிப் பிடித்தோம். அக்காவின் உண்டியல், என் கடைக் கல்லா, பால்காரர் என்று எல்லோரிடமும் கை நீட்டினோம். ஒவ்வொன்றும் 6 கிராம், டப்பா கயிறோடு 10 கிராம். பக்கத்துக்கு 130, மொத்தம் 260 கிராம்.

இரண்டாவது ஞாயிறு. விசையே இல்லாமல் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை.

இரு பக்கமும் 130 கிராம் சமமாக இருக்கும்போது ஒரு டப்பாவை மெல்லத் தள்ளிவிட்டால் அது அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஓடும் பொருளை ஓட வைக்க விசை வேண்டியதில்லை, அதன் வேகத்தை மாற்றத்தான் விசை வேண்டும் என்பது முதல் விதி. சுவரில் 30 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு வீடியோவில் நேரம் பார்த்தோம். நான்கு பகுதிகளைக் கடக்க 1.01, 1.04, 1.06, 1.09 விநாடி. வேகம் குறைகிறது. உராய்வு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கு மருந்து அரிசி. இறங்கும் டப்பாவில் ஒவ்வொரு பிடியாக இல்லை, ஒவ்வொரு மணியாக. நூறு மணியை ஆசாரி தராசில் போட்டபோது 1.6 கிராம் காட்டியிருந்தது. பன்னிரண்டு மணி போட்டதும் நேரங்கள் 1.00, 1.00, 1.01, 1.00 என்று வந்தன. பன்னிரண்டு அரிசியின் எடை 0.2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. எங்கள் கப்பியின் உராய்வு அவ்வளவுதான். (ஆசைக்காக, கிரீஸ் எடுக்காத பேரிங்கில் இன்னொரு சக்கரமும் செய்து பார்த்தேன். அதற்கு அறுபத்தைந்து மணி வேண்டியிருந்தது.) உராய்வு இல்லாத கப்பி கிடைக்கவில்லை. உராய்வுக்கு அரிசி கொடுத்து அனுப்பிவிட்ட கப்பி கிடைத்துவிட்டது.

அட்வுட் இதற்கு வேறு வழி வைத்திருந்தார். அச்சை நேரடியாகத் தாங்கியில் வைக்காமல், அதன் இரு முனைகளையும் சுழலும் சிறு சக்கரங்களின்மேல் கிடத்தினார். அவர் கருவியில் எனக்கு மிகப் பிடித்தது இன்னொரு தந்திரம். இறங்கும் எடையின்மேல் ஒரு சிறு கம்பியைக் குறுக்கே வைப்பார். வழியில் ஒரு வளையம். எடை வளையத்துக்குள் புகுந்து போய்விடும், நீளமான கம்பி மட்டும் வளையத்தில் தங்கிவிடும். அந்தக் கணத்தோடு இழுக்கும் விசை தீர்ந்தது. அதற்குப் பிறகு எடை என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.

இதைச் செய்துபார்க்காமல் விட மனமில்லை. வளையத்துக்கு வளையல். அக்காவின் கண்ணாடி வளையல் ஒன்றை மரச்சட்டத்தில் கட்டினேன். 5 மி.மீ. கம்பியில் 8 செ.மீ. வெட்டி, அரம் போட்டு 12 கிராமுக்குக் கொண்டுவந்து, கயிற்றை அணைக்கும்படி நடுவில் லேசாக வளைத்து டப்பாவின்மேல் வைத்தோம். விட்டோம். கம்பி வளையலில் மோதியது, வளையல் நான்கு துண்டானது. சமையலறையிலிருந்து, "என்ன உடைந்தது?" என்று குரல் வந்தது. "ஒன்றுமில்லை அம்மா, அறிவியல்" என்றாள் இவள்.

உலோக வளையலில் வேலை முடிந்தது. மெதுவோட்டத்தில் அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்தேன். டப்பா கம்பியைச் சுமந்துகொண்டு வேகமெடுத்து வருகிறது. வளையலுக்குள் நுழைகிறது. கம்பி 'டிங்' என்று தங்கி, ஒரு முனை எழும்பி, அமர்கிறது. டப்பா எதுவும் நடக்காதது போல் கீழே போகிறது. 40 செ.மீ. தூரம் வேகமெடுத்த பிறகு அடுத்த இரண்டு 30 செ.மீ. பகுதிகளுக்கு 0.53, 0.54 விநாடி. கம்பி போனது, வேகம் போகவில்லை. விசை எடுக்கப்பட்டால் பொருள் நின்றுவிடும் என்றுதான் நம் உடம்பு நினைக்கிறது, மாட்டு வண்டி முதல் மளிகைத் தள்ளுவண்டி வரை அப்படித்தான் பழகியிருக்கிறோம். அந்த நினைப்பு தப்பு என்று இரண்டு விநாடியில் காட்டிவிடுகிறது இந்த வளையல்.

அடுத்தது விசை. அரிசி உள்ளே இருக்க, நாணயங்களை ஒவ்வொன்றாக மாற்றினோம். இறங்கும் தூரம் 120 செ.மீ. ஒவ்வொன்றையும் ஐந்து முறை ஓட்டிச் சராசரி எடுத்தோம். நிலையிலிருந்து புறப்பட்டால் தூரத்தின் இரு மடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முடுக்கம்.

ஒரு நாணயம், அதாவது 12 கிராம் வித்தியாசம்: 2.42 விநாடி. இரண்டு: 1.71. மூன்று: 1.40. நான்கு: 1.21. முடுக்கமாக மாற்றினால் 0.41, 0.82, 1.22, 1.64 மீட்டர், விநாடி வர்க்கத்துக்கு. அக்கா மகள் கணக்குப் போட்டு முடித்ததும் பேனாவைக் கீழே வைத்தாள். விசை இரண்டு மடங்கு, முடுக்கம் இரண்டு மடங்கு. விசை நான்கு மடங்கு, முடுக்கம் நான்கு மடங்கு. வைட்டமின் டப்பாவில், சில்லறைக் காசில்.

நான்தான் மகிழ்ச்சியைக் கெடுத்தேன். "புத்தகப்படி என்ன வர வேண்டும்?"

12 கிராமின் எடை 260 கிராமை இழுக்கிறது. புவியீர்ப்பு முடுக்கம் நம் பக்கத்தில் 9.78. ஆக 0.45 வர வேண்டும். வந்தது 0.41. நான்கு நாணயத்துக்கு 1.81 வர வேண்டும், வந்தது 1.64. எல்லாவற்றிலும் நூற்றுக்கு ஒன்பது குறைகிறது.

"உராய்வு" என்றாள் உடனே. பள்ளியில் விடை பொருந்தாவிட்டால் உராய்வின் தலையில் போட்டுவிடுவது வழக்கம். காற்றையும் சேர்த்துக்கொள்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உராய்வு அரிசியோடு கணக்குத் தீர்த்துக்கொண்டுவிட்டதே. அது போகட்டும், உராய்வுக்கு ஒரு குணம் உண்டு. அது வாடகை மாதிரி, எவ்வளவு சம்பாதித்தாலும் அதே தொகைதான் கேட்கும். எங்கள் சுமை மாறவில்லை, எனவே ஒரு நாணயத்துக்கும் நான்கு நாணயத்துக்கும் உராய்வு ஒரே அளவுதான் தின்ன வேண்டும். இங்கே நடந்தது வேறு. ஒரு நாணயத்தில் காணாமல் போனது 1.1 கிராமின் எடை. நான்கு நாணயத்தில் 4.4. வருமானத்துக்குத் தக்கபடி பங்கு கேட்கிறான் ஒருவன். இவன் வாடகைக்காரன் இல்லை, கூட்டாளி.

அளந்த முடுக்கத்தை வைத்துத் திருப்பிப் போட்டோம். 12 கிராமின் எடை 0.41 முடுக்கத்தைத் தர வேண்டுமானால் மொத்த நிறை எவ்வளவு? 286 கிராம். நாங்கள் தொங்கவிட்டது 260. மிச்சம் 26 கிராம் எங்கே?

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவள் சிடியைப் பார்த்தாள்.

டப்பாக்கள் மட்டும்தானா வேகமெடுக்கின்றன? சக்கரமும்தான் நின்ற நிலையிலிருந்து சுற்ற ஆரம்பிக்கிறது. அதையும் யாராவது இழுக்க வேண்டும். சிடி ஒன்று ஆசாரி தராசில் 15.5 கிராம், இரண்டும் 31. ஆனால் சுழலும் தட்டின் நிறை முழுதும் நூலுக்குச் சுமையாகாது. மையத்துக்கு அருகில் உள்ள பகுதி மெதுவாக நகர்கிறது, விளிம்பில் உள்ளது வேகமாக. தட்டு முழுக்கச் சீராக இருந்தால் விளிம்பில் ஓடும் நூலுக்குப் பாதி நிறைதான் கணக்கு. எங்கள் நூலோ விளிம்பில் ஓடவில்லை, 5 செ.மீ. ஆரத்தில் ஓடுகிறது, சிடி 6 வரை நீண்டிருக்கிறது. அதனால் பாதிக்கு மேலே. நடுத்துளையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டு சிடிக்கும் 22.7 கிராம். ஃபோம் வட்டம் 6 கிராம், அதற்குப் பாதி 3. கூட்டினால் 25.7.

ஓட்டத்திலிருந்து கிடைத்தது 26. தராசிலிருந்தும் அளவுகோலிலிருந்தும் கிடைத்தது 25.7. எனக்குக் கடையில் இப்படி ஒரு நாள் அமைவதில்லை.

ஆனாலும் ஒரு எண் பொருந்தியதும் நம்பிவிடக் கூடாது என்பது என் தொழிற்பழக்கம். கம்ப்ரஸர் மோட்டார் ஒரு தடவை ஓடிவிட்டது என்று அனுப்பினால் மறுநாள் திரும்பி வரும். எனவே வித்தியாசத்தை 12 கிராமிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பத்துப் பத்து நாணயத்தை எடுத்துவிட்டோம். தொங்குவது 140 கிராம். கப்பியை மறந்துவிட்டால் முடுக்கம் 0.84 வர வேண்டும். கப்பியின் 26-ஐச் சேர்த்தால் 0.71, அதாவது 1.84 விநாடி. ஓட்டினோம். ஐந்து முறையும் 1.83-க்கும் 1.86-க்கும் நடுவில். அவள் ஒன்றும் சொல்லாமல் பேனாவை எடுத்து வந்து சிடியின்மேல் "26 கிராம்" என்று எழுதினாள்.

மூன்றாவது ஞாயிறு மூன்றாம் விதிக்கு. இதுதான் மனிதர்களை அதிகம் ஏமாற்றும் விதி. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று எல்லோருக்கும் வாய்ப்பாடம். அப்படியானால் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு உலகமே அசையாமல் நிற்க வேண்டாமா என்று யாராவது கேட்டால் திணறுவோம். அந்த இரண்டு விசைகளும் ஒரே பொருளின்மேல் விழுவதில்லை என்பதே பதில். டப்பா கயிற்றைக் கீழே இழுக்கிறது, கயிறு டப்பாவை மேலே இழுக்கிறது. ஒன்று கயிற்றின் கணக்கில், மற்றது டப்பாவின் கணக்கில்.

இதை எப்படிக் காட்டுவது? கப்பியைக் கட்டையிலிருந்து கழற்றி, 500 கிராம் வரை காட்டும் ஸ்பிரிங் தராசில் மாட்டி, தராசைக் கட்டையில் தொங்கவிட்டேன். போல்ட், தகடு எல்லாம் சேர்த்துக் கப்பி 110 கிராம். கயிற்றைச் சக்கரத்தோடு கட்டி அசையாமல் வைத்தால் 110-உம் 260-உம் சேர்ந்து 370. சரியாகக் காட்டியது.

பன்னிரண்டு நாணயங்களை ஒரு பக்கம் மாற்றினோம். ஒன்று 202 கிராம், மற்றது 58. ஓடிவிடாமல் இருக்க, லேசான டப்பாவைக் கீழே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். தராசின் முள் அடியில் போய் மோதியது! கயிற்றின் கட்டை அவிழ்த்துவிட்டுக் கையால் பிடித்ததில் எடை எப்படிக் கூடும்? தராசு கெட்டுவிட்டது என்று இறக்கப் போனேன்.

"மாமா, நான் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறேனே" என்றாள்.

ஆமாம். 58 கிராம் டப்பாவை 202 கிராமுக்கு எதிராக நிறுத்திவைக்க அவள் 144 கிராம் அளவுக்குக் கீழே இழுக்க வேண்டும். கப்பியின் இரு பக்கமும் 202, மொத்தம் 404, கப்பியோடு 514. தராசு தாங்குவது 500. அதன்மேல் தப்பில்லை. மாற்றி, கனமான டப்பாவைக் கீழிருந்து உள்ளங்கையில் தாங்கச் சொன்னேன். இப்போது இரு பக்கமும் 58 மட்டும். முள் 226-இல் நின்றது.

விட்டதும் முள் துள்ளியது. கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, டப்பா 120 செ.மீ. இறங்க ஏழில் ஐந்து பங்கு விநாடிகூட ஆகவில்லை. வீடியோவில்தான் தெரிந்தது. முள் 350-ஐத் தொட்டு, 270-க்கு ஏறி இறங்கி, 300-ஐச் சுற்றித் தள்ளாடியது. அதற்குள் டப்பா தலையணையில் விழுந்துவிட்டது. எட்டு ஓட்டங்களிலும் நடுப்புள்ளி 295-க்கும் 305-க்கும் இடையில்தான்.

370 இல்லை. அதே கப்பி, அதே நாற்பது நாணயம், அதே தராசு. ஓடும்போது எழுபது கிராம் குறைகிறது.

கணக்கு இப்படி வருகிறது. 144 கிராமின் எடை 286 கிராமை இழுத்தால் முடுக்கம் 4.92, தானாக விழுவதில் ஏறத்தாழப் பாதி. கனமான டப்பா பாதி விழுந்துகொண்டே இருப்பதால் கயிற்றைத் தன் முழு எடையால் இழுப்பதில்லை, 100 கிராமின் அளவுக்குத்தான் இழுக்கிறது. லேசான டப்பா மேல்நோக்கி வேகமெடுப்பதால் தன் எடையைவிட அதிகமாக, 87 கிராம் அளவுக்கு இழுக்கிறது. கூட்டினால் 187. கப்பியின் 110-ஐச் சேர்த்தால் 297. முள் காட்டிய இடம்.

அவள் நோட்டில் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிவிட்டு நிறுத்தினாள். "ஒரே கயிறு. ஒரு பக்கம் 100, மறுபக்கம் 87. புத்தகத்தில் கயிறு முழுக்க இழுவிசை ஒன்றுதானே?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் தசமம் வரை போட்டுக் கழித்துவிட்டாள். 100.3-லிருந்து 87.2 போனால் 13.1. பிறகு பரணைப் பார்த்தாள், சிடியின்மேல் தன் கையால் எழுதிய எண்ணைப் பார்த்தாள். 26 கிராமை 4.92 முடுக்கத்தில் சுழற்ற எத்தனை கிராமின் எடை வேண்டும் என்று போட்டாள்.

13.1.

அன்று மாலையே நாற்பது நாணயங்களையும் எண்ணி உண்டியலில் போடச் சொல்லிவிட்டாள் அக்கா. உலோக வளையலையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.